திருமதி ஞானராஜின் நாற்காலி

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, செம்பூரில் உள்ள ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் ஏஞ்சலம்மாள் தன் கொழுந்தனின் விதவையாகப் போய் உட்காருவாள். மேசைமேல் அவளுக்கு முன்னால் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். 'மிசஸ் ஞானராஜ், நோயாளியின் குடும்பம்' என்று அதில் இங்கிலீஷில் போட்டிருக்கும். ஞானராஜ் அவள் புருஷன் இல்லை, புருஷனுடைய தம்பி. அவன் சாகவும் இல்லை. அந்த நேரத்தில் அவன் தாராவியில் பட்டறை வாசலில் குந்தி பர்சுக்குத் தோல் வெட்டிக்கொண்டிருப்பான்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு ஒரு வருஷமாகச் சோறு இறங்கவில்லை.

ஏஞ்சலம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள். புருஷன் ஆபிரகாம் தோல் பட்டறையில் பை தைக்கிறவர். அவள் வீட்டிலிருந்தபடியே பர்சுக்கு உள்துணி ஒட்டுவாள். அந்தப் பசையின் நெடி அவள் சேலையைவிட்டுப் போனதே இல்லை. பிள்ளை இல்லை. கேட்டால், "கர்த்தர் தரல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். ஞானராஜ் கல்யாணம் வேண்டாம் என்று நின்றுவிட்டவன். மூன்று பேருக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு.

புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. "அவிய" என்பாள். யாராவது அதிகாரமாகக் கேட்டால் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவாள். ஜெபக் கூட்டத்தில் வாசிக்கிற முறை அவளுக்கு வந்து, வாசிக்கிற வேதப் பகுதியில் அந்தப் பெயரும் வந்து தொலைத்தால், சரியாக அந்த இடத்தில் அவளுக்கு இருமல் வரும். கூட்டத்துப் பெண்கள் முந்தானைக்குள் சிரிப்பார்கள். ஆபிரகாமுக்கே இது தெரியும். அவரும் சிரிப்பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தோல் சீவும் கத்தி அவர் காலில் இறங்கிப் புண் பழுத்துப்போயிற்று. அப்போது இதே செம்பூர் ஆஸ்பத்திரியில் சொந்தப் பெயரில், சொந்தக் காசில் நாலு நாள் படுத்திருந்தார். அங்கே போட்ட ஓர் ஊசியில் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்துவிட்டது. டாக்டர் பக்கத்திலேயே நின்றதால் பிழைத்தார். அந்த டாக்டர் டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஊசியின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதை முதலில் காட்ட வேண்டும் என்று சொல்லி அவள் கையில்தான் கொடுத்தார். அவள் அதை ஜெபப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் சொருகி வைத்தாள். காய்ச்சல் மாத்திரை வாங்கப் போனால்கூட மருந்துக்கடைக்காரரிடம் அந்தக் காகிதத்தை நீட்டுவாள். "மாஜி, இது மாத்திரை, ஊசி இல்ல" என்று அவர் கும்பிடாத குறையாகச் சொல்வார். அவ்வளவு கவனமான பொம்பளை. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

போன வருஷம் ஆபிரகாமுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். உடனே ஆபரேஷன். மும்பை ரேஷன் கார்டில் பெயர் உள்ளவருக்கு அரசாங்கக் காப்பீட்டில் எல்லாம் இலவசம். ஆபிரகாமின் பெயர் ஊர்க் கார்டில் இருந்தது. தாராவியில் பாதி வீடுகளில் இதே கதைதான். ஒருவர் பெயரை இங்கே வைப்பார்கள், ஒருவர் பெயரை ஊரில் வைப்பார்கள். ஊர்க் கார்டையும் வெட்டிவிட்டால் ஊரில் நமக்கு என்ன இருக்கிறது என்று ஒரு பயம். மும்பைக் கார்டில் இருந்தது ஞானராஜ் ஒருவன்தான்.

"என் மூஞ்சியும் அண்ணன் மூஞ்சியும் ஒண்ணுதானே மைனி," என்றான் அவன். "நம்ம ஆளுவ எத்தனை பேரு இப்படிச் செஞ்சிருக்காவ. அண்ணன் என் பேருல படுக்கட்டும்."

ஆஸ்பத்திரி மேசையில் ஷகீல் என்ற பையன் ஆபிரகாமின் கட்டைவிரலை மெஷினில் வைத்து அழுத்தினான். மெஷின் எடுக்கவில்லை. முப்பது வருஷம் பசையிலும் சாயத்திலும் ஊறிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? தாராவித் தோல்காரர்கள் விரலை இந்த மெஷின் என்றைக்கும் எடுத்ததில்லை என்று ஷகீல் அலுத்துக்கொண்டான். கார்டில் இருந்த படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் பார்த்துவிட்டுச் சரி என்று அமுக்கினான். நோயாளி பெயர் என்ன என்று கேட்டான்.

"ஞானராஜ்," என்றாள் ஏஞ்சலம்மாள். நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்லிப் பழகிய நாக்கு என்றால் அது தடுமாறியிருக்கும். இவளுக்குத் தடுமாற அங்கே என்ன இருந்தது?

நீங்கள் யார் என்று கேட்டான். பெண்டாட்டி என்பதற்கு இந்தியில் "பீவி" என்று தன்னையறியாமல் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஞானராஜ் தரையைப் பார்த்தான். ஆபிரகாமின் மணிக்கட்டில் ஞானராஜ் என்று எழுதிய பட்டையைக் கட்டினார்கள். அந்தப் பெயருக்கு அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் எந்த ஊசியும் ஆகாமல் போனதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நர்ஸ் ரீனா வந்தாள். சீத்தா கேம்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். இருபத்தாறு வயது. கையில் ஊசித் தட்டு.

"ஆன்ட்டி, ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு இன்ஜெக்‌ஷன் குடுக்கணும். அங்கிளுக்கு இதுக்கு முன்னாடி எந்த மருந்தாச்சும் ஒத்துக்காம போயிருக்கா? அரிப்பு, வீக்கம், அப்படி எதாச்சும்?"

ஆபிரகாம் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்காதீர்கள், பெயரை உளறிவிடுவீர்கள் என்று அவருக்கு முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார்கள். அவள் கை மடியிலிருந்த பைக்குள் போயிற்று. பிளாஸ்க்குக்கு அடியில் ஜெபப் புத்தகத்தின் உறை விரலில் பட்டது. அப்போதுதான், காகிதத்தின் தலையில் அவர் பெயர் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறதே என்று உறைத்தது. வாயால் சொன்னால் எப்போது என்பார்கள், எங்கே என்பார்கள். இங்கேதான் என்றால் கம்ப்யூட்டரில் தேடுவார்கள். ஆபரேஷன் முடியட்டும், டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். அதே ஊசியையா இப்போதும் போடப் போகிறார்கள்? ரீனா பஞ்சை நனைக்கிற நேரத்துக்குள் இத்தனையும் அவள் மனதில் ஓடி முடிந்தன.

"ஒண்ணும் கெடையாதும்மா," என்றாள்.

"நல்லது ஆன்ட்டி," என்று சிரித்து ரீனா ஊசியைப் போட்டாள். பாரத்தில் 'குடும்பத்தாரைக் கேட்டேன்' என்ற கட்டத்தில் டிக் போடப் பேனாவை எடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தியெடுத்தார். அங்கே ஓடினாள். கட்டம் காலியாகவே நின்றுவிட்டது.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆபிரகாமின் முகம் அதே போல வீங்கியது. ஏஞ்சலம்மாள் காகிதத்தை வெளியே இழுத்து, "இந்த ஊசி ஆவாது, ஆவாது" என்று கத்தினாள். ஆறேழு பேர் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். யாரோ அவளை வெளியே தள்ளித் திரையை இழுத்துவிட்டார்கள். ஒருவரும் காகிதத்தைப் பார்க்கவில்லை. "என்னங்க, என்னங்க" என்றுதான் திரைக்கு வெளியே நின்று அலறினாள். அப்போதும் பெயர் வரவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று வந்து சொன்னபோது காகிதம் பைக்குள் பழைய இடத்துக்கே போயிருந்தது. அவளேதான் வைத்திருக்கிறாள். எப்போது வைத்தாள் என்பது அவளுக்கு இன்றைக்கும் நினைவில்லை.

இறந்தவர் பெயர் ஞானராஜ் என்று சான்றிதழ் வந்தது. கல்லறைச் சீட்டிலும் அந்தப் பெயர்தான். போதகர் ஐயா எல்லாம் தெரிந்தவர். ஜெபத்தில் 'எங்கள் சகோதரன்' என்று மட்டும் சொல்லி ஒப்பேற்றினார். சிலுவையில் என்ன பெயர் எழுதுவது? பொய்யை எழுத அவளுக்கு மனசில்லை, மெய்யை எழுதத் தைரியமில்லை. தேதியை மட்டும் எழுதினார்கள். இரண்டாவது மாதம் ரேஷன் கடையில் ஞானராஜின் பெயர் போயிற்று. அப்புறம் அவன் பேங்க் கணக்கும் முடங்கியது. "செத்தவனுக்கு எதுக்கு மைனி ரெண்டு கரண்டி, ஒண்ணு போதும்" என்பான் சாப்பிடும்போது. முதல் தடவை அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு அதற்கும் பழகிவிட்டது.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் விசாரணை நடந்தது. தலைமை டாக்டரம்மா மெதுவாகத்தான் கேட்டார். "மிசஸ் ஞானராஜ், நர்ஸ் உங்களிடம் ஒத்துக்கொள்ளாத மருந்து பற்றிக் கேட்டாளா?" அறையின் கடைசியில் ரீனா கைகட்டி நின்றாள். கேட்டாள் என்று சொன்னால், நீ என்ன பதில் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்தது கார்டு. அதற்கு அடுத்தது போலீஸ். ஏஞ்சலம்மாள் இல்லை என்று தலையாட்டினாள். வாயால் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினாள். பாரத்தில் கட்டம் காலியாக இருந்ததும் அதற்குத் தோதாகப் போயிற்று. ரீனாவின் வேலை அன்றைக்கே போனது.

அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நல்ல புத்தி வந்தது. நோயாளிகளின் குடும்பத்தாரையும் சேர்த்து ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். வீட்டு ஆள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் இந்தச் சாவு நடந்திருக்காது என்று டாக்டரம்மா கண்கலங்கப் பேசி, முதல் நாற்காலியை இவளுக்குக் கொடுத்தார். மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். போய் உட்கார்ந்தாள். மாதாமாதம் டீ, சமோசா, கடைசியில் ஒரு போட்டோ.

மூன்றாவது கூட்டத்தில் ஒரே ஒரு முறை, உடைந்த இந்தியில் மனதில் இருந்ததைச் சொன்னாள். கேட்கும்போது பக்கத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது. என்ன சொன்னாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, கார்டைப் பறிக்க மாட்டோம் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேட்க வேண்டும். பயந்தவள் வாயிலிருந்து உண்மை வராது. டாக்டரம்மா பிரமாதம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சே இல்லை. பதிலுக்கு ஒரு போஸ்டர் வந்திருந்தது. ஏஞ்சலம்மாளின் படத்துக்குக் கீழே மூன்று மொழியில் எழுதியிருந்தது: 'கேளுங்கள், சொல்லுங்கள். திருமதி ஞானராஜ்.' கீழ்த்தளத்தில் லிஃப்ட் பக்கத்தில் அதை ஒட்டினார்கள். அன்றிலிருந்து அவள் படியேறித்தான் போவாள்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் ரீனா தாராவிக்கு வந்துவிட்டாள். சந்து சந்தாக விசாரித்து, நனைந்துபோய் வாசலில் நின்றாள். ஏஞ்சலம்மாள் பசை டப்பாவை மூடவும் மறந்து எழுந்தாள். ஞானராஜ் வெட்டிக்கொண்டிருந்த தோலிலிருந்து தலையை எடுக்கவில்லை. எடுத்தால் அண்ணன் முகம் தெரிந்துவிடும்.

"சண்டை போட வரல ஆன்ட்டி," என்றாள் ரீனா. "வேலைய திரும்பக் கேக்கவும் வரல. எங்க போனாலும் அந்த ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிக் கேக்கறாங்க, யாரும் வேலைக்கு எடுக்க மாட்டேங்கறாங்க. அது போகட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் உங்கள கேட்டேன்தானே? கேட்ட மாதிரிதான் ஞாபகம். எல்லாரும் கேக்கலன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே டவுட்டா இருக்கு. நான் கேட்டேனா, இல்ல கேட்டதா நெனச்சுக்கிட்டேனா?"

ஒரு மனுஷிக்கு இதைவிடப் பெரிய கேடு செய்ய முடியாது. வேலையைப் பறித்ததுகூடப் பரவாயில்லை. தன் புத்தியையே நம்ப முடியாமல் அந்தப் பெண்ணை ஆக்கி வைத்திருக்கிறோம் என்று ஏஞ்சலம்மாளுக்கு உறைத்தது.

"நெனவில்லம்மா," என்றாள்.

ரீனா, வாஷியில் ஒரு ரெடிமேட் துணிக்கடையில் இப்போது வேலை பார்ப்பதாகவும், நினைவு வந்தால் வந்து சொல்லும்படியும் கடையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு ஞானராஜ் கத்தியைக் கீழே வைத்தான். "போய்ச் சொல்லிருங்க மைனி. என்னைய என்ன செஞ்சிருவான்? நாந்தான் ஏற்கெனவே செத்தாச்சே."

அடுத்த கூட்டத்துச் செவ்வாய்க்கிழமை டீ வருவதற்கு முன்பே ஏஞ்சலம்மாள் எழுந்து நின்றாள். ஜெபப் புத்தகத்தின் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது. சிவப்பு மை மட்டும் மங்கவில்லை. இதுதான் என் புருஷன், அன்றைக்குச் செத்தது இவர்தான், நர்ஸ் கேட்டாள், நான்தான் இல்லையென்றேன், இந்தக் காகிதம் அப்போது என் மடியில் இருந்தது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பெயரைச் சொல்ல வேண்டி வரவில்லை. காகிதத்தில் இருந்தது. மனசு லேசாயிற்று. இனி ஜெயில் என்றாலும் சரி என்று நின்றாள்.

டாக்டரம்மா காகிதத்தை இரண்டு முறை படித்தார். கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்துப் பேனாவை மூடு என்பதுபோலக் கை காட்டினார். அப்புறம் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து அவள் பக்கம் தள்ளினார்.

"நீங்கள் சொல்வது உண்மையென்றால் நீங்கள் மிசஸ் ஞானராஜ் இல்லை. அப்படியானால் எங்கள் நோயாளிக்கு நீங்கள் குடும்பமே இல்லை," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள். இதை வேறு எங்கும் பேச வேண்டாம். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்."

போலீஸ் வரவில்லை. யாரும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். நோயாளியுடன் உறவுமுறை சந்தேகத்துக்குரியது என்பதால் குழுவிலிருந்து நீக்கப்படுகிறார். அதே காரணத்தால் நர்ஸ் பற்றி அவர் புதிதாகச் சொன்னதை ஏற்க இயலாது. முந்தைய முடிவு அப்படியே நிற்கிறது. அவள் தலையாட்டிய பொய் செல்லும், வாய்திறந்து சொன்ன மெய் செல்லாது. இப்படியும் ஒரு நியாயம் உலகத்தில் இருக்கிறது.

ஒரே ஒரு மாற்றம் மட்டும் நடந்தது. அட்மிஷன் பாரத்தின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்கள். மருந்து பற்றி எதையும் மறைக்கவில்லை, மறைத்திருந்தால் விளைவுக்குக் குடும்பமே பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அவள் வாயைத் திறந்ததன் பலன் அதுதான். அடுத்து கார்டை மாற்றிக்கொண்டு வருகிறவள் இப்போது இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொள்வாள். லிஃப்ட் பக்கத்தில் போஸ்டர் அப்படியே இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கடிதம் வந்த மறுநாள் ரயில் பிடித்து வாஷிக்குப் போனாள். கடையில் ரீனா குழந்தைச் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ கேட்டம்மா," என்றாள் ஏஞ்சலம்மாள், வணக்கம்கூடச் சொல்லாமல். "நல்லாத்தான் கேட்ட. அரிப்பு, வீக்கம்னுகூடச் சொல்லிக் கேட்ட. நாந்தான் இல்லன்னேன்."

ரீனாவின் கை நின்றது. ஏன் என்று கேட்டாள். ஏஞ்சலம்மாள் கார்டில் தொடங்கிக் கடிதம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். சட்டை பார்க்க வந்த இரண்டு பேர் ரீனா கவனிக்காததைக் கண்டு வேறு பக்கம் போனார்கள்.

"பேப்பர் உங்க பையிலயே இருந்துச்சா ஆன்ட்டி?"

"இருந்துச்சு."

"நான் கேக்கறப்பவே?"

"அப்பமே. கையில புடிச்சிட்டுத்தான் இருந்தேன்."

ரீனா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள், அடிப்பாள் என்றுதான் ஏஞ்சலம்மாள் வந்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வருஷமா நான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சர்ச்சுல பேர் குடுத்து ஜெபம் பண்ணச் சொல்றேன், ஞானராஜ்னு," என்றாள் ரீனா. "உயிரோட இருக்கறவருக்கு. எங்கையில செத்தவரு பேருகூட எனக்குத் தெரியல." முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அங்கிள் பேரு என்ன?"

ஏஞ்சலம்மாள் பழக்கத்தில் பையைத் துழாவினாள். காகிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்காகச் சொல்லக் கொழுந்தனும் பக்கத்தில் இல்லை.

"ஆபிரகாம்," என்றாள். முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவள் காதில் அவள் குரலிலேயே விழுந்தது. வாய் நிற்கவில்லை. "ஆபிரகாம். ஆபிரகாம்," என்று சொல்லிக்கொண்டே சட்டை அடுக்கிய மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ரீனா எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இந்தப் பேர அன்னைக்குச் சொல்லியிருந்தா, அந்த ஊசிய நான் கையில எடுத்திருக்கவே மாட்டேனே ஆன்ட்டி," என்றாள்.